ஹெரால்டு வாங்குகிறவர்களுக்கு: பெயின்டைக் கடைசியாகப் பாருங்கள்

"முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு விற்பனைக்கு" என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு படபடக்கும். அப்பா வாங்கிய 1967 மாடல் இரண்டு கதவு ஹெரால்டு கார் இப்போது என்னிடம் இருக்கிறது. அதனால் தெரிந்தவர்கள் யாராவது இந்த வண்டியை வாங்கப் போனால் என்னையும் அழைத்துக்கொண்டு போவார்கள். டார்ச், சின்னக் காந்தம், பழைய திருப்புளி, படுப்பதற்கு ஒரு பாய், இவ்வளவுதான் என் சாமான். நான் எந்த வரிசையில் பார்க்கிறேனோ அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலில், பார்க்கப்போவது எந்த ஹெரால்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்தது. உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவான்னி மிக்கெலொட்டி. 1961 முதல் சென்னை வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி இதைத் தயாரித்தது. இங்கிலாந்தில் எஞ்சினைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள், நம் ஊரில் 948 சி.சி.யே தொடர்ந்தது. 1968-இல் வந்த மார்க் 3-க்கு நான்கு கதவு. அந்த நான்கு கதவு செடான் இந்தியாவுக்கே உரியது, இங்கிலாந்தில் கிடையாது. அப்புறம் எழுபதுகளில் இதே கம்பெனியின் அடுத்த காரான கெஸல் வந்தது. அதில் பின் ஆக்சில் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். கெஸலை ஹெரால்டு என்று சொல்லி விற்பவர்களும் உண்டு, ஆகவே ஆர்.சி.யில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சரி, வண்டி முன்னால் நிற்கிறோம். பெயின்ட் பளபளக்கும். அதைப் பார்க்காமல் பாயை விரித்துக் கீழே படுங்கள்.

ஹெரால்டுக்குத் தனி சேஸ். மற்ற சின்னக் கார்களெல்லாம் பாடியும் சேஸும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் இதற்குக் கீழே ஒரு முழு இரும்புச் சட்டம் வைத்து, பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு அதன்மேல் உட்காரவைத்தார்கள். புதுப்பிக்கிறவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் சேஸ் துருப்பிடித்துக் கிடக்கும்போதே மேலே மட்டும் டிங்கரிங் பார்த்து, பட்டி போட்டு, பெயின்ட் அடித்து விற்றுவிடவும் முடியும். நடுச் சட்டத்திலிருந்து இரண்டு பக்கமும் கைகள் மாதிரி நீளும் துண்டுகள் இருக்கும், அவற்றின் முனையில்தான் பாடி உட்கார்ந்திருக்கிறது. தண்ணீரும் சேறும் தங்குகிற இடம் அதுதான். பின்பக்கம் டிக்கிக்குக் கீழே வரும் கைகளையும் விடாதீர்கள். திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்துப்போனது மந்தமாகக் கேட்கும். அடியில் கறுப்புப் பூச்சு புதிதாக, தடிமனாக இருந்தால் கூடுதல் நேரம் எடுத்துத் தட்டுங்கள். துருவுக்கு மேலே பழைய தகரத்தைப் பற்றவைத்திருந்தால் வெல்டிங் தடம் விரலுக்குத் தட்டுப்படும்.

"பாடியைக் கழற்றி வைத்தபோது எடுத்த போட்டோ இருக்கா சார்?" என்று கேளுங்கள். நிஜமாகவே சேஸ் வரை போய் வேலை செய்தவர் செல்போனை எடுத்துப் படம் படமாகக் காட்டுவார், போதும் என்றாலும் விடமாட்டார். அப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்தால் எனக்குப் பாதிக் கவலை போய்விடும்.

எழுந்து நின்று கதவு இடைவெளியைப் பாருங்கள். கதவின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம் இருக்க வேண்டும். மேலே ஒட்டிக்கொண்டு கீழே அகன்றிருந்தால் சேஸ் தொய்ந்திருக்கலாம், அல்லது முட்டுக் கொடுக்காமல் பாடியைத் தூக்கியிருக்கலாம். இதைச் சரிசெய்ய மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, டிக்கித் தளம் ஆகிய இடங்களில் காந்தத்தை மெல்லிய துணி சுற்றி வையுங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே இருப்பது பட்டி.

பானெட்டைத் திறக்கும்போது இரண்டு பக்கக் கொக்கிகளையும் எடுத்துவிட்டு முன்பக்கமாகச் சாய்த்துவிடுங்கள். மட்கார்டோடு சேர்ந்து மொத்த மூக்கும் சாய்ந்துவிடும். டயர்மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். எனக்கு இந்த வண்டிமேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாம் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கிறது.

அப்படித் திறந்திருக்கும்போதே நிதானமாகப் பார்க்க வேண்டியது முன்சக்கரத்துக்குப் பின்னால் கீழே இருக்கும் டிரன்னியன். சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது வெண்கல டிரன்னியனுக்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் சுழல்கிறது. இதற்குப் போட வேண்டியது கியர் ஆயில், கிரீஸ் அல்ல. கிரீஸ் அடித்தால் மரையின் அடிவரை போய்ச் சேராது, உள்ளே தண்ணீர் தங்கி அரிக்கும். கடைசியில் தண்டு முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். பெரும்பாலான பட்டறைகளில் எல்லா நிப்பிளுக்கும் (எண்ணெய் விடும் சின்ன வாய்) கிரீஸ் கன்னை வைப்பதே பழக்கம். ஆகவே விற்பவரிடம் "டிரன்னியனுக்கு என்ன போடுறீங்க?" என்று கேளுங்கள். "கிரீஸ்தான்" என்றால், பேரம் படிந்தாலும் அதைக் கழற்றி மரையைப் பார்க்காமல் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். மற்ற எல்லாக் குறையையும் வாங்கியபின் மெதுவாகச் சரிசெய்யலாம், இதில் மட்டும் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

பின்பக்கம் குறுக்காக ஒரே ஒரு பட்டைப் பட்டையான ஸ்பிரிங், டிஃபரன்ஷியலுக்கு (பின்சக்கரங்களுக்கு நடுவில் உள்ள கியர் பெட்டி) மேலே கட்டியிருக்கும். ஜாக்கி போட்டுத் தூக்கினால் பின்சக்கரங்களின் அடிப்பக்கம் உள்ளே மடங்கித் தொங்கும், பயப்பட வேண்டாம், அமைப்பே அப்படித்தான். தரையில் நிற்கும்போது சக்கரங்களின் மேல்விளிம்பு மிகவும் உள்ளே சாய்ந்திருந்தால் ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லி, எஞ்சினின் முன்முனையில் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். மிதிக்கும்போது அது முன்னால் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் கிராங்க் தண்டு முன்பின் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர் உள்ளே தேய்ந்துவிட்டது. அது கழன்று விழுந்தால் பிளாக்கே கெடும். நன்றாகச் சூடான பின் ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்கக் கூடாது. முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, ஓடிக்கொண்டிருக்கும்போது போட்டால் கரகரக்கத்தான் செய்யும். இரண்டாவது கரகரத்தால் மட்டும் கணக்கில் எடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பங்க்கில் கிடைக்கிறது. பழைய ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் சவ்வும் அதில் ஊறிக் கெடும், மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஒரு சின்னத் தெருவில் யு டர்ன் போடுங்கள். 25 அடியில் திரும்பிவிடும், அந்த அளவு வளையாவிட்டால் ஸ்டியரிங்கில் எதையோ மாற்றியிருக்கிறார்கள். வளைவில் வேகமாகப் போய் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடாதீர்கள், பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி தடுமாறும்.

இனி காகிதம். ஆர்.சி.யில் உள்ள சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் இருப்பதும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். எம்.எஸ். என்று தொடங்கும் பழைய மூன்றெழுத்து நம்பரோடு, தொடர்ந்து புதுப்பித்த ஆர்.சி. இருந்தால் அதற்காகக் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம் என்பது என் கருத்து. 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவும் இருக்கிறது. நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும், பத்தாண்டு செல்லும். ஆனால் அதை அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, விண்டேஜ் கார் ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான். சேஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்பட்டிருந்தால் அந்தப் பதிவு கிடைக்காது. தினமும் ஓட்ட நினைப்பவர்கள் சாதாரணப் பதிவு உள்ள வண்டியையே தேடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே கையெழுத்துப் போட வேண்டும். அவர் இறந்திருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு மாற்றிவிட்டு விற்கச் சொல்லுங்கள்.

விலை பேசும்போது உதிரிபாகத்தை நினைவில் வையுங்கள். மெக்கானிக்கல் சாமான் கிடைத்துவிடும், ஏனென்றால் இதே சேஸ் வழியில் பிறந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்காக இங்கிலாந்தில் இன்னும் தயாரிக்கிறார்கள். நான்கு கதவு வண்டியின் பின்கதவும் அதன் கண்ணாடியும் அங்கே கிடைக்காது, சென்னையில் உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். ஆகவே எஞ்சின் சுமாராக இருந்தாலும் கண்ணாடி, பீடிங் (விளிம்புப் பட்டை), விளக்கு மூடி எல்லாம் முழுதாக உள்ள வண்டியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

முன்பணம் கொடுத்தால் கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள், மீதியைப் படிவங்கள் கைக்கு வந்தபின் கொடுங்கள். வண்டியை வெளியூரிலிருந்து எடுப்பதாக இருந்தால் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் குறிக்கும். பூ தேயாமல் இருந்தாலும் பத்து வருடப் பழசு என்றால் லாரியில் ஏற்றி வாருங்கள்.