கோடைக்காலப் பொறியியல் பயிற்சிகள்: மாணவர்களும் பெற்றோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான கோடைக்காலப் பொறியியல் பயிற்சியைத் தேடும் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது பல்கலைக்கழகத்தின் பெயரைத்தான். தவறும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. புகழ்பெற்ற வளாகம் ஒன்றில் நடக்கிறது என்பதாலேயே ஒரு பயிற்சி அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆகிவிடாது. விடுமுறையில் காலியாக இருக்கும் விடுதிகளையும் வகுப்பறைகளையும் வாடகைக்கு எடுத்துத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் முகாம்களும் உண்டு. விளம்பரத்தில் கோபுரமும் புல்வெளியும் பெரிதாகத் தெரியும். நடத்துபவர் யார் என்பது கடைசி வரியில் சிறிய எழுத்தில் இருக்கும். பாடம் எடுப்பவர் பேராசிரியரா, பட்டப்படிப்பு மாணவரா, அந்தக் கோடைக்கு மட்டும் அமர்த்தப்பட்ட பயிற்றுநரா என்று மின்னஞ்சலில் கேட்டால் நேரடியான பதில் வர வேண்டும். வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

கட்டணம் அதிகமென்றால் தரமும் அதிகம் என்ற நம்பிக்கை இதோடு ஒட்டிப் பிறந்தது. உண்மை நிலை ஏறக்குறைய தலைகீழானது. 1984 முதல் நடந்துவரும் ஆர்.எஸ்.ஐ. என்னும் ரிசர்ச் சயின்ஸ் இன்ஸ்டிடியூட், எம்.ஐ.டி. எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகத்தில் 6 வாரம் நடக்கிறது. முதல் வாரம் வகுப்புகள், பிறகு ஒரு வழிகாட்டியின் கீழ் ஆய்வு, இறுதியில் எழுத்து வடிவில் அறிக்கையும் மேடையில் விளக்கமும். எம்.ஐ.டி.யின் மைட்ஸ் கோடைப் பயிற்சியும் 6 வாரம்தான். இவ்விரண்டிலும் பயிற்சிக்கோ தங்குமிடத்துக்கோ கட்டணம் இல்லை. இடங்கள் மிகச் சில என்பதால் தேர்வு கடுமையாக இருக்கிறது. மறுபுறம், பல ஆயிரம் டாலர் கட்டினால் ஏறக்குறைய எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் பயிற்சிகள் ஏராளம். அவற்றில் பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே இடம் கிடைத்ததைப் போட்டியில் வென்றதுபோல் எண்ணுவதும், கல்லூரிச் சேர்க்கைக்கு அது கதவைத் திறந்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் ஏமாற்றத்தில்தான் முடியும். ஒரு பயிற்சியை எடைபோட எனக்குத் தெரிந்த நல்ல வழி, இரண்டாம் வாரத்துச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணிக்கு மாணவரின் கையில் என்ன இருக்கும் என்று கேட்பது. பற்றவைப்புக் கருவியோ, அளவுகோலோ, பாதியில் நிற்கும் நிரலோ இருந்தால் நல்லது. அந்த நேரத்தில் நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் பேருந்து ஏறுகிறார்கள் என்றால் அது சுற்றுலா. அதற்குச் சுற்றுலாவின் விலையைக் கொடுத்தால் போதும்.

காலக்கணக்கில் நேரும் தவறு இன்னும் பரவலானது. கோடை ஜூனில் தொடங்குவதால் ஏப்ரலில் யோசித்தால் போதும் என்று எண்ணுகிறார்கள். ஆர்.எஸ்.ஐ.க்கான விண்ணப்பம் வழக்கமாக டிசம்பரிலேயே முடிந்துவிடுகிறது. மைட்ஸ் போன்றவை பிப்ரவரித் தொடக்கத்தோடு மூடப்படுகின்றன. இவ்விரண்டும் 11-ஆம் வகுப்பை முடிக்கும் மாணவர்களுக்கானவை என்பதால், ஒரு குளிர்காலத்தைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பே கிடையாது. எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்தோடு இணைந்த பீவர் வொர்க்ஸ் கோடைப் பயிற்சியில் இன்னொரு படியும் உண்டு. சிறிய தானியங்கிக் காரை ஓட்டும் நிரல் எழுதுவது முதலான பாடங்களுக்கு அங்கே போவதற்கு முன், அதற்குரிய இணையவழிப் பாடத்தைப் படித்திருக்க வேண்டும். விண்ணப்பத்தை மட்டும் அனுப்பிவிட்டு அந்தப் பாடத்தைப் பாதியில் விட்டவர்களின் மற்ற தகுதிகள் கணக்கில் வருவதில்லை.

தகுதி விதிகளைக் கடைசியில் படிப்பது, வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரப்படும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளை மிகவும் வருத்தும் தவறு. மைட்ஸ் கோடைப் பயிற்சிக்கு அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ தேவை. வேறு சில ஆய்வகப் பயிற்சிகள் மாணவருக்கு உதவித்தொகை தருகின்றன. எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் ஊதியத்துக்கு வேலை செய்ய முடியாது என்பதால், அந்தத் தொகை எந்த வகையில் சேரும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும். சில ஆய்வகங்கள் 16 வயது நிறையாதவர்களை உள்ளே விடுவதில்லை. இந்த விதிகளைப் படிக்கப் பத்து நிமிடம் போதும். படிக்காமல் எழுதிய விண்ணப்பக் கட்டுரைக்கு இரண்டு மாதம் போயிருக்கும்.

அந்தக் கட்டுரையில்தான் பெற்றோரின் கை அதிகம் நுழைகிறது. விண்ணப்பக் கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி என்னிடம் கேட்பவர்கள் உண்டு. வருபவற்றில் பாதி, குழந்தைப் பருவத்தில் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி விளையாடியதில் தொடங்கி, பொறியியலால் உலகை மாற்றும் ஆசையில் முடியும். நடுவே பரிசுகளின் பட்டியல். இவற்றில் ஒரு கட்டுரையை எடுத்து இன்னொரு மாணவரின் பெயரை மேலே போட்டாலும் எதுவும் மாறாது. என் நினைவில் நின்ற கட்டுரை, வீட்டின் இழுவைக் கதவு பாதி வழியில் சிக்கிக்கொள்வதைப் பற்றியது. அந்த மாணவி உருளையைக் கழற்றி, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதைக் கண்டு, புதிய உருளையை மாற்றியும் கதவு சிக்கியதை எழுதியிருந்தார்; தண்டவாளம்தான் சாய்ந்திருந்தது என்பது மூன்றாவது வாரத்தில் ஒரு கோலிக்குண்டை அதில் உருட்டிப் பார்த்தபோது தெரிந்ததாம். பரிசு எதுவும் அதில் இல்லை. முதலில் எண்ணியது தவறு என்று கண்டுபிடித்த விதம் இருந்தது. தேர்வுக் குழு தேடுவதும் அதைத்தான். பரிந்துரைக் கடிதத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும்: முழு மதிப்பெண் போட்ட ஆசிரியரைவிட, நீங்கள் தடுமாறி எழுந்ததைப் பார்த்த ஆசிரியரிடம் கேளுங்கள், அதுவும் ஒரு மாதம் முன்பே.

இடம் கிடைத்த பிறகு நேரும் தவறுகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கோடைப் பொறியியல் பயிற்சியில், ஸ்பகெட்டி நூடுல்ஸையும் எப்பாக்சி பசையையும் மட்டும் கொண்டு பாலம் கட்டி, அது முறியும்வரை எடை ஏற்றும் போட்டி பெயர்பெற்றது. இத்தகைய போட்டிகளில் புதியவர்கள் பார்வைக்கு அழகான, உயரமான பாலத்தை வரைந்துவிடுவார்கள். ஸ்பகெட்டி இழைக்கு இழுவிசையைத் தாங்கும் வலு ஓரளவு உண்டு. அமுக்கும்போதோ அது நசுங்குவதற்கு வெகு முன்பே வில்லாக நெளிந்து முறிந்துவிடும். கணித அறிஞர் ஆய்லரின் சூத்திரப்படி நெளியவைக்கும் விசை, நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், அமுக்கம் விழும் உறுப்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அது 4 மடங்கு தாங்கும். நடுவில் ஒரு குறுக்கு இழை சேர்த்தால் போதும். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல், பயந்துபோய் எல்லா முனைகளிலும் பசையை அப்புபவர்களின் பாலம், தன் எடையைக் கூட்டிக்கொண்டே அதே இடத்தில் முறியும். முறிந்த பாலத்தை உடனே குப்பையில் போடுவது இதைவிடப் பெரிய தவறு. எந்த இழை முதலில் போனது, முனையில் விட்டதா நடுவில் நெளிந்ததா என்று துண்டுகளை மேசையில் பரப்பிப் பார்ப்பதற்காகத்தான் அந்தப் போட்டியே.

குழு வேலையில் நன்றாக நிரல் எழுதும் ஒருவரே எல்லாவற்றையும் எழுதிவிட, மற்ற மூவரும் விளக்கப் படங்களுக்கு வண்ணம் தீட்டுவதும் வழக்கமாகிவிட்டது. நான்கு வாரத்துக்குப் பிறகு அந்த ஒருவர் வந்தபடியே திரும்புகிறார். மூன்று ஆண்டுகளாகப் பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதிவருபவர் இன்னொரு பைத்தான் முகாமுக்கே போவதும் இதே கதைதான். பொருளறிவியலோ திரவ இயக்கவியலோ அவருக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள 17 வயதைவிட மலிவான வயது பின்னர் வாய்ப்பதில்லை.

கல்லூரிப் பாடமதிப்பு (கிரெடிட்) தரும் பயிற்சிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. அதைத் தருவது அந்தப் பல்கலைக்கழகம்; ஏற்பதா வேண்டாமா என்பது மாணவர் பின்னர் சேரும் கல்லூரியின் முடிவு. குறைந்த தரம் வாங்கினால் அதுவும் பதிவாகுமா என்பதைச் சேரும் முன்பே கேட்க வேண்டும்.

இடம் கிடைக்காதபோது கோடை முழுவதையும் இழந்ததாக எண்ணிச் சோர்வது, கடைசியில் அவசரமாகக் கிடைத்த முகாமில் பணத்தைக் கட்டுவதில் கொண்டுபோய் விடுகிறது. முடிவுகள் பெரும்பாலும் வசந்த காலத்தில் வருகின்றன. சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில் கோடைப் பாடங்களுக்கான பதிவும் ஏறக்குறைய அப்போதுதான் திறக்கிறது. பொறியியல் வரைபடம் பற்றிய ஒரு பாடத்தை அங்கே எடுக்கலாம். எம்.ஐ.டி. தன் பாடங்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அவற்றில் மின்சுற்றுகள் குறித்த விரிவுரைகளைப் பார்த்துக்கொண்டே மின்சுற்றைச் செருகி அமைக்கும் பலகையான பிரெட்போர்டு, மின்தடைகள், மின்னளவுகளை அளக்கும் ஒரு மல்டிமீட்டர் ஆகியவற்றை வாங்கி மேசையில் வைத்தால் அன்று மாலையே வேலையைத் தொடங்கிவிடலாம். இதற்கு விண்ணப்பமும் இல்லை, கடைசி நாளும் இல்லை.