கார்டில் தெரியாத செலவா? பிளாக் செய்தால் பாதி வேலைதான் முடிந்தது

காலை ஆறு மணிக்குச் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தால் ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அன்று விஷயம் வேறு. "தம்பி, ராத்திரி மூணு மெசேஜ் வந்திருக்குப்பா. நான் ஒண்ணும் வாங்கலையே" என்றார். முதல் மெசேஜ் 2:40-க்கு, ₹89. அடுத்தது ₹7,499. இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் ₹7,499. ஓய்வூதியம் விழுகிற கணக்கின் டெபிட் கார்டு அது. ஓடிபி ஒன்றும் வரவில்லை, யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்றார். நம்பினேன், ஏனென்றால் எடுத்தது வெளிநாட்டு இணையதளம் ஒன்று. நம் ஊர்த் தளங்களில் கார்டுக்கு ஓடிபி மாதிரி இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு எண், காலாவதி தேதி, பின்பக்கத்து மூன்று இலக்க எண் மூன்றும் இருந்தாலே பணம் போய்விடும். அந்த ₹89, கார்டு வேலை செய்கிறதா என்று திருடன் தட்டிப் பார்த்தது.

"உடனே பிளாக் பண்ணுங்க சித்தப்பா" என்றேன். 6:31-க்கு பிளாக் ஆகிவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன். அந்த நினைப்பால் அவருடைய பணம் முழுக்கப் போகப் பார்த்தது. என்ன நடந்தது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். கீழே இருப்பது இந்திய வங்கிகளின் கார்டுகளுக்கு மட்டும்.

படி 1: முதலில் பூட்டுங்கள், பிறகு யோசியுங்கள்

வங்கியின் செயலியில் கார்டு பகுதிக்குப் போனால் தற்காலிகமாகப் பூட்டும் வசதி இருக்கும். அதைத் தட்டுவதால் நஷ்டம் ஒன்றுமில்லை, தவறாகப் பூட்டினாலும் திறந்துகொள்ளலாம். செலவு உங்களுடையது இல்லை என்று உறுதியான பிறகு நிரந்தரமாக பிளாக் செய்யுங்கள். அதற்குப் பிறகு அந்த எண் செத்த எண், புதுக் கார்டுதான்.

செயலி இல்லாதவர்கள் கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கே போன் செய்யுங்கள். தயவுசெய்து கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடாதீர்கள். பதற்றத்தில் இருப்பவர்களுக்காகவே போலி எண்களைப் போட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். 7,500 போனவர் அந்த எண்ணுக்குப் பேசி 75,000-ஐயும் விடுவது புதிதல்ல. இணையதளமாக இருந்தால் முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிகிறதா பாருங்கள். நம் வங்கிகள் 2025 இறுதியிலிருந்து அந்த முகவரிக்கு மாறிவிட்டன.

வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு செயலியை நிறுவிய பிறகுதான் பணம் போனது என்றால் அந்த போனைத் தொடாதீர்கள். டேட்டாவை அணைத்துவிட்டு வீட்டில் உள்ள வேறு போனிலிருந்து பேசுங்கள்.

படி 2: நிஜமாகவே தெரியாத செலவுதானா?

இதற்குப் பத்து நிமிடம் போதும். கடையின் பெயர் ஒன்றாகவும் ஸ்டேட்மென்டில் வரும் பெயர் வேறாகவும் இருப்பது சகஜம். பணம் வசூலித்துத் தரும் இடைநிறுவனத்தின் பெயர்தான் பல நேரம் விழும். இலவசம் என்று ஒரு மாதம் போட்டுப் பார்த்த சந்தா, பையன் விளையாட்டில் வாங்கிய 'காயின்', வீட்டுக்காரரிடம் இருக்கும் கூடுதல் கார்டு, ஆண்டுக் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி. இவை எல்லாவற்றையும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏடிஎம்மில் பணம் வராமலேயே கணக்கில் கழிந்திருந்தால் அது வேறு சங்கதி. அதற்கு மோசடிப் புகார் வேண்டாம். ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும், தாமதமானால் நாளுக்கு ₹100 சேர்த்துத் தர வேண்டும் என்பது 2019-லிருந்து உள்ள விதி.

படி 3: புகார் எண் வாங்குங்கள்

நாங்கள் கோட்டை விட்டது இங்கேதான். கார்டை பிளாக் செய்வது வேறு, 'இந்தச் செலவு என்னுடையது இல்லை' என்று புகார் பதிவது வேறு. பல வங்கிகளில் இரண்டுக்கும் தனித்தனி எண். சித்தப்பா பிளாக் செய்துவிட்டு, பத்து மணிக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளைக்கும் போனார். மேலாளர் உட்கார வைத்து, காபி வாங்கிக் கொடுத்து, "பார்த்துக்கலாம் சார், போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். காகிதம் ஒன்றும் கைமாறவில்லை. அடுத்த வியாழக்கிழமை "என்ன ஆச்சு?" என்று கேட்கப் போனபோதுதான் புகாரே பதிவாகவில்லை என்று தெரிந்து, அன்றைக்குப் படிவம் நிரப்பினார்கள்.

ஆகவே போனில் பேசும்போதே, "கார்டை பிளாக் பண்ணிட்டீங்க சரி, இந்த மூணு செலவுக்கும் டிஸ்பியூட் பதிஞ்சு கம்ப்ளெய்ன்ட் நம்பர் சொல்லுங்க" என்று கேளுங்கள். எண் வராமல் போனை வைக்காதீர்கள். எண், தேதி, நேரம், பேசியவர் சொன்ன பெயர் நான்கையும் எழுதி வையுங்கள். பிறகு அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பெரிய கடிதம் தேவையில்லை. நான் பின்னால் சித்தப்பாவுக்கு எழுதிக் கொடுத்தது கிட்டத்தட்ட இப்படி:

"பொருள்: என் அனுமதியின்றி நடந்த கார்டு பரிவர்த்தனைகள்.
என் டெபிட் கார்டில் (கடைசி நான்கு எண்கள் …) … தேதி அதிகாலை 2:40 முதல் ₹89, ₹7,499, ₹7,499 என மூன்று முறை பணம் எடுக்கப்பட்டுள்ளது. இவற்றை நான் செய்யவில்லை, யாரையும் செய்யச் சொல்லவும் இல்லை. கார்டு என்னிடமே உள்ளது. கார்டு விவரம், பின் நம்பர், ஓடிபி எதையும் நான் யாருக்கும் தரவில்லை. அன்று காலை 6:31-க்கு கார்டை முடக்கினேன். புகார் எண் … . ரிசர்வ் வங்கியின் விதிப்படி தொகையை என் கணக்கில் வரவு வைக்கக் கோருகிறேன். குறுஞ்செய்திகளின் படங்களை இணைத்துள்ளேன்."

முழுக் கார்டு எண்ணை எங்கேயும் எழுத வேண்டாம், கடைசி நான்கு போதும். 'ஓடிபி தரவில்லை' என்ற வரி உண்மையாக இருந்தால் மட்டும் சேருங்கள். பொய் சொன்னால் வங்கியின் பதிவில் பிடிபடும், மீதிப் புகாரும் அதோடு கெடும்.

கிளைக்குப் போகிறவர்கள் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். காபி கொடுத்தால் குடித்துவிட்டு வாங்குங்கள்.

படி 4: நாள் கணக்கு

2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. அனுமதியில்லாத மின்னணுப் பரிவர்த்தனையில் நஷ்டம் யார் தலையில் என்று அதில்தான் வகுத்தார்கள்.

தவறு வங்கியுடையது என்றால் நீங்கள் எப்போது சொன்னாலும் முழுப் பணமும் வர வேண்டும். வங்கியும் தப்பு செய்யவில்லை, நீங்களும் செய்யவில்லை, எங்கோ மூன்றாம் இடத்தில் கார்டு விவரம் கசிந்தது என்றால் (சித்தப்பா கதை இதுதான்) வங்கியின் செய்தி வந்த பிறகு மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் என்றால் நஷ்டத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு, அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் ஐந்து லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கும் ₹10,000. குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்றால் ₹5,000. ஐந்து லட்சத்துக்கு மேல் வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு ₹25,000. ஏழு நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. அந்தக் கொள்கை ஆவணம் வங்கியின் தளத்திலேயே இருக்கும், ஒரு முறை படித்து வையுங்கள்.

பார்த்தால் நல்ல விதி போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ₹10,000 ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனித்தனி. பரிவர்த்தனைத் தொகை, உச்சவரம்பு இரண்டில் எது குறைவோ அது உங்கள் நஷ்டம். ₹7,499 பத்தாயிரத்தைவிடக் குறைவு. ஆக, நான்காம் நாள் சொன்னால் முழு ₹7,499-ம் உங்கள் தலையில், இரண்டாவது ₹7,499-ம் அப்படியே. சின்னச் சின்னத் தொகையாகப் போயிருந்தால் அந்த 'நான்கு முதல் ஏழு' என்ற சலுகையால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. மூன்று நாளுக்குள் சொல்லியே ஆக வேண்டும்.

எண்ணும் முறையும் முக்கியம். செய்தி வந்த நாளைச் சேர்க்கக் கூடாது. வேலை நாள் என்பது உங்கள் கிளையின் வேலை நாள். சித்தப்பாவுக்குச் செய்தி வந்தது வியாழன். வெள்ளி ஒன்று. அந்தச் சனி நான்காவது சனி, விடுமுறை. ஞாயிறும் போக, திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. படிவம் பதிவானது அடுத்த வியாழன், அதாவது ஐந்தாவது வேலை நாள். வங்கியிலிருந்து பதில் வந்தது: தாமதமாகத் தெரிவித்ததால் முழு நஷ்டமும் வாடிக்கையாளருடையது.

ஏமாந்து ஓடிபி சொல்லிவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. புகார் செய்கிற நிமிடம் வரை போனது உங்கள் நஷ்டம்தான். ஆனால் சொன்ன பிறகு ஒரு ரூபாய் போனாலும் அது வங்கியின் பொறுப்பு. வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

படி 5: 1930

இது நாடு முழுமைக்கும் உள்ள சைபர் குற்ற உதவி எண். 'சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்' தளத்திலும் பதியலாம். திருடிய பணம் இன்னொரு இந்தியக் கணக்குக்கோ வாலட்டுக்கோ போயிருந்தால் அங்கிருந்து நகர்வதற்குள் அதை முடக்குவதற்காக ஏற்படுத்தியது, அதனால் முதல் சில மணி நேரத்தில் கூப்பிட்டால்தான் பலன். வெளிநாட்டுத் தளத்தில் கார்டு தேய்த்தது போன்ற விஷயத்தில் இதனால் பணம் திரும்பும் என்று நான் பெரிதாக எதிர்பார்க்க மாட்டேன். இருந்தாலும் பதியுங்கள், அந்த ஒப்புகை எண்ணை வங்கி கேட்கும். காவல் நிலையத்துக்குப் போக நேர்ந்தால் சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: துரத்துவது

புகார் சொன்ன நாளிலிருந்து பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாக உங்கள் கணக்கில் போட வேண்டும். சில வங்கிகள் போட்டுவிட்டு, விசாரணை முடியும் வரை எடுக்க முடியாமல் பிடித்தும் வைக்கும். அதைப் பார்த்துச் செலவுக்குத் திட்டம் போடாதீர்கள். மொத்த விவகாரத்தையும் 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். இதில் நமக்குச் சாதகமான ஒரு வரி உண்டு: தப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. நீங்கள் நிரபராதி என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை.

கிரெடிட் கார்டுக்காரர்கள் கோபத்தில் பில்லையே கட்டாமல் விடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். உங்களுடைய செலவைக் கட்டிவிடுங்கள். மோசடி என்று நீங்கள் சொன்ன தொகைக்கு, பிரச்சினை தீரும் வரை வட்டியோ அபராதமோ போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த கார்டு விதி. அதை மின்னஞ்சலில் ஒரு வரியாக நினைவுபடுத்துங்கள்.

முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் சரியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 'சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன்' என்ற தளம், சந்தேகம் கேட்க 14448. ஆனால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் செய்திருக்க வேண்டும். நேரே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நாங்கள் அங்கே போகும் முன் வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினோம். சித்தப்பா மெசேஜ் எதையும் அழிக்காத ஆள், மளிகைக் கடை விளம்பரம் முதற்கொண்டு எல்லாம் போனில் கிடக்கும். அதில் 6:31-க்கு வந்த 'உங்கள் கார்டு முடக்கப்பட்டது' செய்தியும், வங்கியின் கட்டணமில்லா எண்ணுக்கு நான்கு நிமிடம் பேசியதன் பதிவும் இருந்தன. ஏன் முடக்கச் சொன்னார் என்பது உங்கள் ஒலிப்பதிவிலேயே இருக்கும், அதை எடுத்துக் கேளுங்கள், முதல் நாளே சொல்லியாயிற்று என்று எழுதினோம். மூன்று வாரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு மதியம் மூன்று தொகையும், பணம் போன தேதியையே மதிப்புத் தேதியாகப் போட்டு, அதாவது அன்றைக்கே திரும்பி வந்ததாகக் கணக்கு வைத்து, வந்து விழுந்தன.

படி 7: புதுக் கார்டு வந்ததும்

கவரைப் பிரித்தவுடன் பின் நம்பர் போடுவதோடு நிறுத்தாதீர்கள். 2020-லிருந்து ஒவ்வொரு கார்டுக்கும் வெளிநாட்டுப் பயன்பாடு, இணையப் பயன்பாடு, கடை இயந்திரத்தில் கார்டைத் தட்டிப் பணம் கொடுக்கும் வசதி மூன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் உண்டு. புதுக் கார்டில் இவை அணைந்தே வர வேண்டும். செயலியில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். வெளிநாட்டு சுவிட்ச் எப்போதும் அணைந்தே இருக்கட்டும். தட்டிக் கொடுத்தால் ₹5,000 வரை பின் நம்பர் கேட்காது, தேவையில்லாதவர்கள் அதையும் அணையுங்கள். இணையத்தில் வாங்குகிறவர்கள் நாள் வரம்பை ₹2,000 என்று வைத்துவிட்டு, பெரிதாக வாங்கும்போது மட்டும் ஏற்றுங்கள். வங்கியில் பதிந்துள்ள கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

சித்தப்பாவின் பழைய கார்டில் வெளிநாட்டு சுவிட்ச் திறந்து கிடந்தது. யார் திறந்தது, எப்போது என்று இன்றுவரை எங்களுக்குப் புரியவில்லை. அவர் போன அதிகபட்ச தூரம் காசி.