ஒரு மணி நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்

மட்டக்களப்பில் கந்தோருக்குப் போகிறவர்களிடம் உடற்பயிற்சி பற்றிக் கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான்: "நேரம் எங்க இருக்கு?" விடியச் சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, பிறகு வேலை, பின்னேரம் டியூசன். நியாயம்தான். ஆனால் உடற்பயிற்சிக்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று நினைப்பதே முதல் தவறு.

ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் முன்பு சொல்லிவந்தது. 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி போதும். எத்தனை துண்டாகச் செய்தாலும் சரி. மிதம் என்றால், பேச முடியும், பாட மூச்சு வராது. சந்திக் கடைக்கு விறுவிறு என்று நடந்துபோய்ப் பாண் வாங்கி வருவதும் சேரும். அதற்கும் மோட்டார் சைக்கிளை எடுத்தால் கிடைத்த நேரமும் போய்விடும்.

"வீட்டு வேலையே போதும்" என்பது அரைவாசிதான் உண்மை. மூச்சு வாங்க வளவு கூட்டுவதும், கிணற்றில் அள்ளி உடுப்புத் தோய்ப்பதும் பயிற்சிதான். அடுப்படியில் மணிக்கணக்கில் நிற்பது களைப்பைத் தருமே தவிர, இதயத்துக்குப் பெரிதாக வேலை தராது. அந்தக் களைப்பை நம்பி எத்தனையோ பெண்கள் நடக்காமலே இருந்துவிடுகிறார்கள். இது அவர்களின் தவறு மட்டுமல்ல. இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களை வீட்டில் வேறு யாராவது கழுவினால் அம்மாவுக்கு இருபது நிமிடம் நடக்கக் கிடைக்கும்.

வைகாசி, ஆனி வெயிலில் மதிய இடைவேளையில் நடக்க வேண்டாம். வெயில் தாழ்ந்த பிறகு கல்லடிக் கடற்கரையில் காற்றும் இருக்கும்.

மார்கழி மழை தொடங்கியதும் பலர் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். தசைக்கான பயிற்சியை அப்போதாவது தொடங்கலாம். வாரத்தில் 2 நாளாவது அது தேவை, நடை மட்டும் போதாது. சுவரோடு ஒட்டிக் கதிரையைப் போடுங்கள். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, ஊன்றாமல் எழும்புங்கள். தொப்பென்று விழாமல் மெதுவாக இருங்கள். 10 தடவை செய்தால் தொடை சொல்லும்.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு நடக்கப் போகக் கூடாது. சட்டைப்பையில் ஒரு டொபி இருக்கட்டும். நெஞ்சு இறுக்கினால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.