மெமரி கார்டின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிப்பது எப்படி? புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்கான செய்முறை விளக்கம்

புதிதாகக் கேமரா வாங்கும் பலர், எந்த லென்ஸ் வாங்குவது என்று ஒரு மாதம் யோசித்துவிட்டு, மெமரி கார்டை மட்டும் பில் போடும் நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் தொங்குபவற்றில் ஒன்றைக் கைகாட்டி வாங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். 128 ஜிபி என்று பெரிதாக அச்சிட்டிருந்த அந்தக் கார்டில் ஒரு தேர்த்திருவிழாவை நாள் முழுதும் படமெடுத்துவிட்டு வந்து கணினியில் திறந்தபோது, வடம் பிடிக்கும் வரைக்குமான படங்கள் ஒழுங்காக இருந்தன. தேர் நகரத் தொடங்கியதிலிருந்து நிலைக்கு வந்து சேர்ந்தது வரை எடுத்த எதுவும் திறக்கவில்லை. ஏன் அப்படி ஆயிற்று என்பதை நான்காம் படியில் சொல்கிறேன். அதற்கு முன், கார்டின் மேல் பெரிய எழுத்தில் இருப்பதைக் காட்டிலும் சிறிய எழுத்தில் இருப்பதே முக்கியம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: கேமரா எதை ஏற்கும் என்று பாருங்கள்

கேமராவின் கையேட்டில், தொழில்நுட்ப விவரங்கள் உள்ள கடைசிப் பக்கங்களில், எந்த வகைக் கார்டை அது ஏற்கும் என்று எழுதியிருப்பார்கள். தொடக்கநிலைக் கேமராக்கள் பெரும்பாலும் எஸ்டி கார்டையே ஏற்கின்றன. நிக்கான் இசட்9, கேனான் ஆர்5 போன்ற உயர்நிலைக் கேமராக்களில் சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற வேறு வகைக் கார்டுக்கான இடம் உண்டு. அது அளவிலும் விலையிலும் வேறு உலகம், இங்கே அதை விட்டுவிடுவோம்.

எஸ்டி கார்டிலும் தலைமுறைகள் உள்ளன. எஸ்டி என்று மட்டும் இருந்தால் 2 ஜிபி வரையும், எஸ்டிஎச்சி என்றால் 32 ஜிபி வரையும், எஸ்டிஎக்ஸ்சி என்றால் 2 டிபி (டெராபைட்) வரையும் கொள்ளும். மூன்றும் பார்வைக்கு ஒரே வடிவம் என்பதால், பழைய கேமராவைக் கைமாற்றாக வாங்குபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 2008-இல் வெளிவந்த நிக்கான் டி90 எஸ்டிஎச்சி வரை மட்டுமே ஏற்கும். அதில் 64 ஜிபி கார்டைப் போட்டு, கார்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு. அப்படிப்பட்ட கேமராவுக்கு 16 அல்லது 32 ஜிபி கார்டை வாங்குங்கள்.

படி 2: எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்று கணக்கிடுங்கள்

கேனான் 1500டி போன்ற 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா கோப்பு (கேமரா பதிவு செய்த தகவலைப் பதப்படுத்தாமல் அப்படியே வைத்திருப்பது) ஏறத்தாழ 30 மெகாபைட்டும், உயர்தர ஜேபெக் (சுருக்கிச் சேமித்த வழக்கமான படக்கோப்பு) ஏறத்தாழ 10 மெகாபைட்டும் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்தால் ஒரு படத்துக்கு 40 மெகாபைட். 64 ஜிபி கார்டில் சுமார் 1,500 படங்கள் அடங்கும். ஒரு நாள் வெளியே சென்று படமெடுக்கும் புதியவருக்கு இது தாராளம். காணொளிக்கோ கணக்கு வேறு. நொடிக்கு 100 மெகாபிட் வீதத்தில் பதிவாகும் 4கே காணொளி ஒரு மணி நேரத்தில் 45 ஜிபியை விழுங்கிவிடும்.

64 ஜிபி கார்டைக் கணினியில் செருகினால் 59.6 என்று காட்டுவதைக் கண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. வேறு ஏதும் இல்லை.

ஒரே 256 ஜிபி கார்டைவிட 64 ஜிபி கார்டுகள் இரண்டு வைத்திருப்பதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் ஒரு கார்டு தொலைந்தாலும் பழுதானாலும் பயணத்தின் பாதிப் படங்களாவது மிஞ்சும்.

படி 3: வேகக் குறிகளைப் படியுங்கள்

இதுதான் குழப்பம் மிகுந்த இடம். ஆகையால் ஒரு கார்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் கண்ணில் படுவது 170 அல்லது 200 என்ற பெரிய எண். நொடிக்கு இத்தனை மெகாபைட் என்று அது சொல்வது, பெரும்பாலும், கார்டிலிருந்து கணினிக்குப் படங்களைப் படித்தெடுக்கும் உச்ச வேகத்தை. கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். அது இதைவிடக் குறைவாகவே இருக்கும், பல கார்டுகளில் அதை அச்சிடுவதுகூட இல்லை. மேலும், யூஎச்எஸ்-1 என்ற இணைப்பு முறையின் உச்ச வரம்பே நொடிக்கு 104 மெகாபைட்தான். அந்த வகைக் கார்டு 170 என்று சொல்லிக்கொள்வது, கார்டைக் கணினியுடன் இணைக்கும், அதே நிறுவனத்தின் தனிப்பட்ட ரீடரில் செருகினால் கிடைக்கும் வேகத்தைக் கணக்கில் கொண்டு. உங்கள் கேமராவுக்குள் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

அடுத்து, கார்டின் பெயருக்கு அருகில் ரோமானிய எண்ணாக ஒன்று அல்லது இரண்டு கோடுகள் இருக்கும். ஒரு கோடு யூஎச்எஸ்-1, இரண்டு கோடுகள் யூஎச்எஸ்-2. இரண்டாவது வகைக் கார்டைத் திருப்பிப் பார்த்தால் வழக்கமான உலோகத் தொடுமுனைகளுக்குக் கீழே இன்னொரு வரிசை தெரியும். அதன் வழியாக நொடிக்கு 312 மெகாபைட் வரை செல்ல முடியும். ஆனால் கேமராவிலும் அந்த இரண்டாம் வரிசையைத் தொடும் அமைப்பு இருக்க வேண்டும். 2019-இல் வந்த சோனி ஏ6400, தொடக்கநிலையினர் அதிகம் விரும்பும் கேனான் ஆர்50 ஆகிய இரண்டிலும் யூஎச்எஸ்-1 மட்டுமே உண்டு. அவற்றில் யூஎச்எஸ்-2 கார்டைப் போட்டால் வேலை செய்யும், ஆனால் கூடுதலாகக் கொடுத்த பணம் கேமராவுக்குள் வீண்.

மூன்றாவதாக, ஆங்கில 'சி' எழுத்துக்குள் 10, 'யூ' எழுத்துக்குள் 1 அல்லது 3, 'வி' எழுத்தை அடுத்து 30, 60 அல்லது 90 என்று சிறு குறிகள் இருக்கும். கார்டில் நான் முதலில் தேடுவது இவற்றைத்தான். இவை உச்ச வேகத்தைச் சொல்லாமல், காணொளியைத் தொடர்ச்சியாக எழுதும்போது வேகம் எந்த அளவுக்குக் கீழே இறங்காது என்பதைச் சொல்கின்றன. சி10, யூ1 என்றால் நொடிக்கு 10 மெகாபைட். யூ3, வி30 என்றால் 30. வி60 என்றால் 60. வி90 என்றால் 90. கேமராவின் காணொளி வீதத்துக்கு இந்தக் கீழ்வரம்பு ஈடுகொடுக்காவிட்டால், காணொளி இடையில் தானாக நின்றுவிடலாம்.

கேமரா தன் காணொளி வீதத்தை மெகாபிட்டில் சொல்லும், கார்டு மெகாபைட்டில் சொல்லும். ஆகவே கேமராவின் எண்ணை எட்டால் வகுக்க வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட். எனவே ஏ6400-இன் 4கே காணொளிக்கு வி30 கார்டு போதும். 400 மெகாபிட் வீதத்தில் பதிவு செய்யும் கேமராவுக்கு 50 மெகாபைட் தேவை என்பதால் வி60-க்குப் போக வேண்டும். காணொளியே எடுக்காமல், அவ்வப்போது ஒரு படம் எடுப்பவருக்கு யூ1 கூடப் போதுமானது. ஆனால் பறவைகளைத் தொடர்ச்சியாகப் படமெடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: படங்கள் முதலில் கேமராவின் உள் நினைவகத்தில் நிரம்பி, பிறகே கார்டுக்கு இறங்குகின்றன, கார்டு மெதுவாக எழுதினால், கொக்கு இறக்கை விரிக்கும் வேளையில் கேமரா அடுத்த படத்தை எடுக்காமல் நிற்கும்.

ஏ1, ஏ2 என்ற குறிகள் கைபேசிச் செயலிகளைக் கார்டிலிருந்து இயக்குவதற்கானவை. கேமராக்காரர் அவற்றுக்காகப் பணம் கொடுக்க வேண்டாம்.

படி 4: வாங்கிய அன்றே சோதியுங்கள்

போலிக் கார்டு என்பது மட்டமான கார்டு மட்டும் அன்று. அது பொய் சொல்லும்படி செய்யப்பட்ட கார்டு. உள்ளே 8 ஜிபி மட்டுமே இருக்கும், ஆனால் கேமரா கேட்கும்போது 128 என்று பதில் சொல்லும். எட்டு நிரம்பிய பிறகும் கேமரா எழுதிக்கொண்டே போகும், கார்டும் பெற்றுக்கொண்டதாகவே காட்டும். கோப்பின் பெயர் பட்டியலில் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. என் தேருக்கு நேர்ந்தது இதுதான். கேமராவின் திரையில் படம் தெரிந்ததே என்று கேட்கலாம்: எடுத்தவுடன் சில நொடிகள் தோன்றும் காட்சி கேமராவின் உள் நினைவகத்திலிருந்து வருவது, கார்டிலிருந்து அன்று.

இதைக் கண்டுபிடிக்க ஒரே நம்பகமான வழி, கார்டை முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பது. விண்டோஸ் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இந்த வேலையைச் செய்கின்றன. வெறும் கார்டை ரீடரில் செருகி, முழுக் கொள்ளளவையும் எழுதிச் சரிபார்க்கும்படி இயக்கிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். 64 ஜிபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பிழை காட்டினால், ரசீதுடன் அன்றே திருப்பிக் கொடுங்கள். சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கும் கார்டை இந்தச் சோதனைக்காகக்கூட வாங்காதீர்கள்.

படி 5: செருகி, கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்

கார்டின் இடப்பக்க விளிம்பில் ஒரு சிறு நகர்த்தி இருக்கும். அது கீழே இறங்கியிருந்தால் கார்டு பூட்டப்பட்டிருக்கிறது, எதுவும் எழுத முடியாது. பையில் உராய்ந்து தானாகவே இறங்குவது உண்டு; 'கார்டு பூட்டப்பட்டுள்ளது' என்ற செய்தி வந்தால் பதற வேண்டாம், மேலே தள்ளினால் போதும்.

கேமராவை அணைத்துவிட்டு, கையேட்டில் காட்டியபடி கார்டின் முகத்தைத் திருப்பி, 'டிக்' என்று ஒலிக்கும் வரை தள்ளுங்கள். போகவில்லையென்றால் திசை தவறு. வலிந்து அழுத்தக் கூடாது. பிறகு கேமராவின் அமைப்புப் பட்டியலில், கார்டைத் துடைத்துப் புதிதாகத் தயார்செய்யும் ஃபார்மட் கட்டளையைக் கொடுங்கள். கணினியில் செய்யாமல் கேமராவில் செய்வதற்குக் காரணம், அந்தக் கேமராவுக்கு வேண்டிய கோப்பு முறையையும் கோப்புறைகளையும் அது தானே அமைத்துக்கொள்ளும் என்பதுதான். ஒன்றை மறக்க வேண்டாம்: 'எல்லாப் படங்களையும் நீக்கு' என்ற கட்டளை நீங்கள் பாதுகாத்து வைத்த படங்களை விட்டுவைக்கும், ஃபார்மட் அவற்றையும் சேர்த்து அழித்துவிடும்.

பட்டியலை விட்டு வெளியேறும் முன், கார்டு இல்லாமல் ஷட்டர் இயங்குவதை அனுமதிக்கும் அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். கடைகளில் காட்சிக்கு வைப்பதற்கே அது பயன்படும். அணைக்காவிட்டால், கார்டு வீட்டு மேசையில் இருக்க, வெறுங்கேமராவில் நாள் முழுவதும் படமெடுக்க நேரலாம்.

படி 6: படமெடுக்கும்போது

எழுதும் விளக்கு எரியும்போது கார்டைக் கழற்றவோ பேட்டரிக் கதவைத் திறக்கவோ கூடாது. பேட்டரி அணையும் தறுவாயில் நீண்ட காணொளி தொடங்காதீர்கள். நிரம்பிய கார்டைப் பெட்டியில் கவிழ்த்தும், வெறுங்கார்டை நிமிர்த்தியும் வைத்தால் அவசரத்தில் மாறாது. காகிதச் சீட்டை ஒட்டி எண் எழுதினால் அது கேமராவுக்குள் உரிந்து சிக்கும். அழியாத மையால் நேரடியாக எழுதுங்கள்.

படி 7: கணினிக்கு மாற்றுங்கள்

'வெட்டி ஒட்டு' செய்யாமல் 'நகலெடுத்து ஒட்டு' செய்யுங்கள். இடையில் மின்சாரம் போனாலும் மூலம் கார்டிலேயே இருக்கும். நகலெடுத்த கோப்புறையில் நடுவிலும் கடைசியிலும் சில படங்களைத் திறந்து பார்த்து, வேறொரு வட்டில் இரண்டாம் பிரதியும் எடுத்த பிறகே கார்டை மறுபடி ஃபார்மட் செய்யுங்கள். கார்டையே அலமாரியில் வைத்துப் படங்களைச் சேமிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஃபிளாஷ் நினைவகம் தகவலை மின்னேற்றமாகத்தான் வைத்திருக்கிறது, ஆண்டுக்கணக்கில் அது கசியும்.

படி 8: படங்கள் காணாமல் போனால்

தவறுதலாக அழித்துவிட்டாலோ ஃபார்மட் செய்துவிட்டாலோ, அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். சாதாரண ஃபார்மட் கோப்புகளின் பட்டியலைத்தான் அழிக்கிறது; படங்களின் தரவு, அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். கணினியில் செருகியதும் 'ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை இயக்கி, மீட்டெடுப்பவற்றை அதே கார்டில் சேமிக்காமல் கணினியின் வட்டில் சேமியுங்கள். பழைய கோப்புப் பெயர்கள் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது, படங்கள் கிடைக்கும்.

எனது தேர்த்திருவிழாக் கார்டிலும் அதை ஓர் இரவு முழுக்க ஓட்டிப் பார்த்தேன். கிடைத்தவை, முன்பே திறந்த அதே படங்கள் மட்டுமே. மற்றவை அந்தக் கார்டில் எழுதப்படவே இல்லை.