பத்து நாள் எரியாத தெருவிளக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் சந்து முனை விளக்கு எரியவில்லை. புகார் கொடுத்தால் இரண்டே நாளில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வரும். நிமிர்ந்து பார்த்தால் இருட்டு. மின்வாரியத்தில் கேட்டேன். கம்பம்தான் எங்களுடையது, விளக்கு மாநகராட்சியுடையது என்றார்கள். அதுவும் சரிதான்.

அப்புறம்தான் கவுன்சிலர் அக்காவிடம் போனேன்.

“தம்பி, எந்த நம்பரைக் குடுத்த?”

கம்பத்தில் மஞ்சள் பெயின்ட்டில் இருந்த எண்ணைச் சொன்னேன்.

“அது நகராட்சி காலத்து நம்பர்ப்பா.”

கடலூர் மாநகராட்சியானது 2021-ல். புது எண் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அடியில் இருந்தது. தோசைத் திருப்பியால் சுரண்டி எடுத்தேன். நான் கொடுத்த எண் இப்போது பக்கத்துத் தெருக் கம்பத்துக்கு. அங்கே விளக்கு ஜம்மென்று எரிகிறது. வந்தவர்கள் பார்த்துவிட்டுப் புகாரை முடித்திருக்கிறார்கள். புது எண்ணைக் கொடுத்த மறுநாள் சாயங்காலமே எங்கள் முனையில் வெளிச்சம். போஸ்டர் பசை மட்டும் இன்னும் கரண்டியை விட்டுப் போகவில்லை.