ஸ்பானிஷ் வினைச்சொல்லுக்குத் தமிழே நல்ல வாசல்

ஸ்பெயினுக்கு வந்ததும் நீங்கள் போகவேண்டிய இடங்களில் ஒன்று நகராட்சி அலுவலகம். 'பத்ரோன்' என்னும் குடியிருப்போர் பதிவேட்டில் உங்கள் முகவரியைச் சேர்க்க வேண்டும். அங்கே "தோந்தே பீவே?" என்று கேட்பார்கள், எங்கே வசிக்கிறீர்கள் என்று அர்த்தம். பதில் "பீவோ என் லா காயே…" என்று தொடங்கும். 'காயே' என்றால் தெரு. பீவே, பீவோ: கடைசி எழுத்து மாறியதும் ஆள் மாறிவிட்டார்.

இது நமக்குப் புதிதில்லை. 'பேசுகிறேன்' என்றால் 'நான்' தேவையில்லை, 'ஏன்' விகுதியே சொல்லிவிடும். ஸ்பானிஷும் அப்படித்தான். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ' (நான்) சேர்க்கிறார்கள். நானும் பல மாதம் அப்படித்தான் பேசினேன். ஆங்கிலத்தை ஒதுக்கி, தமிழிலிருந்து நேராகப் போன பிறகுதான் பேச்சு ஓடியது.

'அப்லார்' என்றால் பேசுதல். 'ஆர்' என்ற முடிவை நீக்கிவிட்டு விகுதியைச் சேருங்கள்:

பேசுகிறேன் – ஆப்லோ
பேசுகிறாய் – ஆப்லாஸ்
பேசுகிறார் – ஆப்லா
பேசுகிறோம் – அப்லாமோஸ்
பேசுகிறீர்கள் (பலரிடம்) – அப்லாய்ஸ்
பேசுகிறார்கள் – ஆப்லன்

பேசுகிறான், பேசுகிறாள், பேசுகிறது எல்லாவற்றுக்கும் 'ஆப்லா' ஒன்றே. நாம், நாங்கள் என்ற வேறுபாடும் கிடையாது. இந்த இரண்டிலும் தமிழைவிட எளிது.

'ஏர்', 'இர்' என்று முடியும் வினைகளும் உண்டு. சாப்பிடுதல் 'கொமேர்': கோமோ, கோமெஸ், கோமே, கொமேமோஸ், கொமேய்ஸ், கோமென். வசித்தல் 'பிவிர்': பீவோ, பீவெஸ், பீவே, பிவீமோஸ், பிவீஸ், பீவென். இதன் முதல் எழுத்தை 'பஸ்' என்பதில் வரும் 'ப' போல ஒலியுங்கள். 'நாம்', 'நீங்கள்' வடிவங்களில் மட்டும்தான் இவை இரண்டும் பிரிகின்றன.

மரியாதை விஷயத்தில் கவனம் வேண்டும். ஒருவரை 'உஸ்தெத்' என்று மரியாதையாக அழைத்தால் வினை 'அவர்' வடிவத்தில் வரும்: 'உஸ்தெத் ஆப்லா'. பத்ரோன் அலுவலர் 'பீவே' என்று கேட்டது அதனால்தான். கடையிலும் வேலையிடத்திலும் பெரும்பாலும் 'தூ', அதாவது நீ, என்றே பேசுவார்கள். அது அவமதிப்பு இல்லை, மனம் நோகவேண்டாம். வயதானவர்களிடமும் அலுவலகங்களிலும் 'உஸ்தெத்' சொல்லிப் பழகுங்கள். லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் பலரிடம் பேசும்போது 'அப்லாய்ஸ்' என்னாமல் 'உஸ்தேதெஸ் ஆப்லன்' என்பார்கள்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது அழுத்தத்தில். 'ஆப்லோ' என்று முதல் அசையை அழுத்தினால் 'பேசுகிறேன்'. கடைசி 'லோ'வை அழுத்தினால் அது 'அவர் பேசினார்' ஆகிவிடும். அதனால் பட்டியலை மனதுக்குள் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்லை.

"நாளைக்கு வேலை செய்யறேன்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதுபோல அவர்களும் "மன்யானா த்ரபாஹோ" என்பார்கள். எதிர்காலத்தை இப்போதே படிக்கும் அவசரம் வேண்டாம். குடியுரிமை கேட்கும்போது பெரும்பாலான இந்தியர், இலங்கையர் எழுதவேண்டிய 'தேலே' என்னும் ஸ்பானிஷ் மொழித் தேர்வுக்கும் ஏ2 என்ற அடிப்படை நிலை போதும்.

இருத்தல், போதல், உடைமை பற்றிய வினைகள் இந்த ஒழுங்கில் அடங்காதவை. அவற்றைத் தனியே மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். முதல் வாரத்துக்கு அப்லார், கொமேர், பிவிர் மூன்றும் போதும். பத்ரோனுக்குப் போகும் முன் உங்கள் தெருப் பெயரைச் சேர்த்து "பீவோ என் லா காயே…" என்று பத்து முறை சொல்லிப் பாருங்கள்.