வி.சி.இ. ஆங்கிலப் பரீட்சை: கட்டுரைக்குத் திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வி.சி.இ. என்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பள்ளிப்படிப்பை முடிக்கும் பிள்ளைகள் பெறும் சான்றிதழ். அதற்கான பன்னிரண்டாம் ஆண்டு ஆங்கிலப் பரீட்சை மூன்று மணி நேரம். மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி. எழுதத் தொடங்கும் முன் 15 நிமிட வாசிப்பு நேரம் உண்டு. அப்போது எதையும் எழுதக்கூடாது. பகுதிக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்தால், அதில் ஐந்து முதல் எட்டு நிமிடம் வரை திட்டமிடப் போதும். கட்டுரை எங்கே போய் நிற்கும் என்பது அந்தச் சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

ஒவ்வொரு வருடமும் வகுப்புக்கு வரும் புதுப் பிள்ளைகள், நான் பள்ளியில் செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை, கையெழுத்து, நேரம் போதாமை பற்றியெல்லாம் ஏற்கெனவே எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விடுகிறேன்.

வாசிப்பு நேரத்தை அகராதியில் கழிப்பது

எழுதும் நேரத்திலும் அகராதி மேசையில்தான் இருக்கும். கேள்வியில் உள்ள சொல் புரியாவிட்டால் மட்டும் திறவுங்கள்.

எளிதாகத் தெரியும் தலைப்பை எடுப்பது

முதல் பகுதியில் பள்ளியில் படித்த நூலைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு தலைப்பு தருவார்கள். ஒன்று பொதுவாக இருக்கும்: இந்த நூலில் அதிகாரம் எப்படிக் காட்டப்படுகிறது, ஆராய்க. மற்றது ஒரு கூற்றை அடித்துச் சொல்லிவிட்டு, உடன்படுகிறீர்களா என்று கேட்கும். பிள்ளைகள் முதலாவதைத்தான் பிடிப்பார்கள், தெரிந்ததையெல்லாம் எழுதலாம் என்ற நம்பிக்கையில். ஆனால் பொதுத் தலைப்பில் எதை விடுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எல்லையை நீங்களே போட வேண்டும், அதற்கு நேரம் போகும். அடித்துச் சொல்லும் கூற்றோ முதல் வரியிலேயே வாதிட இடம் கொடுத்துவிடுகிறது. நூல் நன்றாகத் தெரிந்த பிள்ளை என்றால் இரண்டாவதை எடு என்றுதான் நான் சொல்வேன்.

பெயர்ப் பட்டியலைத் திட்டம் என்று நினைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஏனென்றால் இதில் மாட்டுவது படிக்காத பிள்ளைகள் அல்ல. நூலைத் திரும்பத் திரும்ப வாசித்து, மேற்கோள்களைப் பாடமாக்கி வைத்திருக்கும் பிள்ளைகள்தான் மாட்டுகிறார்கள்.

ஓர் உதாரணம் எடுப்போம். சோபோக்ளிஸ் எழுதிய ஈடிபஸ் மன்னன் ஒரு பழைய கிரேக்க நாடகம். தன்னை அறியாமலே தந்தை லாயஸைக் கொன்று, தாய் யொகாஸ்டாவை மணந்த தீப்ஸ் நகர மன்னன் ஈடிபஸ், லாயஸைக் கொன்றவனைத் தேடப் போய் அந்த உண்மையைக் கண்டுபிடிக்கும் கதை. தைரீசியஸ் அதை முன்பே அறிந்த குருட்டு ஞானி. அந்த நாடகத்துக்கு நான் வகுப்பில் கொடுக்கும் பயிற்சிக் கேள்வி இது: "உண்மையைத் தேடியது ஒன்றே ஈடிபஸை அழித்தது. உடன்படுகிறீர்களா?" ஐந்து நிமிடம் கழித்துத் தாள்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்: பந்தி ஒன்று, ஈடிபஸ். பந்தி இரண்டு, யொகாஸ்டா. பந்தி மூன்று, தைரீசியஸ். ஒவ்வொரு பெயருக்கும் கீழே இரண்டு மேற்கோள்.

அதில் பதில் எங்கே? கேள்வி ஒரு கருத்தை முன்வைத்து உன் கருத்து என்ன என்று கேட்கிறது. தாளில் இருப்பதோ நாடகத்தில் யார் யார் வருகிறார்கள் என்ற விபரம். இதை வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஈடிபஸ் உண்மையைத் தேடினான், அழிந்தான். யொகாஸ்டா தேட வேண்டாம் என்றாள், அவளும் அழிந்தாள். தைரீசியஸ் சொல்ல மறுத்தான், அவன் சொன்னபடியே நடந்தது. மூன்று பந்தியும் ஒரே ஆமாம். கூடவே கேள்வியின் உயிரே "ஒன்றே" என்ற சொல்லில் இருப்பதை யாரும் கவனிக்கவில்லை.

அப்படியானால் எதிலிருந்து தொடங்குவது? பதிலை ஒரே வாக்கியமாக எழுதுவதிலிருந்து. மேற்கோளும் பந்திப் பிரிப்பும் அப்புறம். இந்தக் கேள்விக்கு நான் ஏற்றுக்கொள்ளும் ஒரு வாக்கியம் இப்படி இருக்கும்: தேடல் ஈடிபஸின் அழிவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது, ஆனால் அந்த அழிவு தேடலுக்கு முன்பே விதைக்கப்பட்டது, கடைசியில் அதை முடித்ததும் அவன் கைதான்.

இந்த வாக்கியம் இருந்தால் பந்திகள் அதற்குள்ளேயே கிடக்கின்றன. முதல் பந்தியில் கூற்றில் உள்ள நியாயத்தை ஒப்புக்கொள்ளலாம். யொகாஸ்டா இதோடு நிறுத்து என்று கெஞ்சுகிறாள், கிழட்டு இடையனும் கெஞ்சுகிறான், ஈடிபஸ் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தேடல் தோண்டி எடுத்தது எதை? லாயஸுக்குச் சொல்லப்பட்ட அருள்வாக்கு, மலையில் கைவிடப்பட்ட குழந்தை, மூன்று தெருக்கள் சேரும் இடத்தில் நடந்த கொலை. எல்லாம் நாடகம் தொடங்கும் முன்பே முடிந்த விஷயங்கள். இது இரண்டாவது பந்தி. அப்படியென்றால் எல்லாம் விதிதானா? இல்லை. கொலைகாரன் மீது சாபம் போட்டவன் ஈடிபஸே. கடைசியில் தன் கண்களைத் தானே குத்திக்கொண்டு, அப்பல்லோ தெய்வம்தான் இந்தத் துன்பங்களைக் கொண்டுவந்தான், ஆனால் கண்ணில் குத்திய கை என்னுடையது என்று சொல்பவனும் அவனே. அது மூன்றாவது. இன்னும் நேரம் இருந்தால் தீப்ஸ் நகரத்தையும் சேர்க்கலாம்: கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காப்பாற்றத்தான் இந்தத் தேடலே தொடங்கியது. அவனை வீழ்த்திய அதே தேடல்தான் ஊருக்கு விடிவாகவும் இருக்க வேண்டியிருந்தது.

யொகாஸ்டாவும் ஈடிபஸும் இதிலும் வருகிறார்கள். ஆனால் அவர்களுக்கென்று ஆளுக்கொரு பந்தி இல்லை. வாதத்துக்குத் தேவைப்படும் இடத்தில் வந்து போகிறார்கள்.

திட்டம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். இரண்டாவது பந்தியையும் மூன்றாவது பந்தியையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஒன்றும் கெடவில்லை என்றால் உங்களிடம் இருப்பது பட்டியல். மேலே சொன்ன திட்டத்தில் இடம் மாற்ற முடியாது, ஏனென்றால் இரண்டாவது பந்தி எழுப்பும் கேள்விக்குத்தான் மூன்றாவது பதில் சொல்கிறது.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை வேறொரு வகுப்பிலிருந்து வந்தவள். அங்கே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பந்தியைத் தட்டச்சு செய்து கொடுத்து, கேள்வி எதுவானாலும் இவற்றை அடுக்கு என்று சொல்லியிருந்தார்கள். அவளும் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தாள். மொழி சுத்தமாக இருந்தது. ஆனால் எந்தக் கேள்வியைக் கொடுத்தாலும் அதே கட்டுரைதான் வந்தது. தன் புள்ளி ஏன் நடுவிலேயே நிற்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை, இன்னும் நிறைய மேற்கோள் வேண்டும் என்று நினைத்தாள். அந்தத் தாள்களை எடுத்து வைத்துவிட்டு, பல வாரம் ஒரு வாக்கியப் பதில் மட்டும் எழுத வைத்தேன். தொடக்கத்தில் அழுதாள். தனக்கென்று ஒரு கருத்து இருக்கலாம் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அந்தத் தாள்களுக்கு அவளுடைய அம்மா அப்பா பணம் கட்டியிருந்தார்கள் என்பதை என்னால் இன்னும் சீரணிக்க முடியவில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை எத்தனை கட்டுரை எழுதியது என்று கேட்காதீர்கள். இன்றைய கேள்விக்கு உன் பதில் என்ன என்று கேளுங்கள். தமிழில் சொல்லட்டும், பரவாயில்லை. ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் திட்டம் இருக்கிறது.

மேற்கோளுக்கு ஏற்ப வாதத்தை வளைப்பது

பாடமாக்கிய வரி பொருந்தவில்லையா, விட்டுவிடுங்கள்.

இரண்டாவது பகுதியில் தலைப்பை மேலே ஒட்டுவது

இந்தப் பகுதியில் நீங்களே ஒரு படைப்பை எழுத வேண்டும். மண், எதிர்ப்பு, தனிப்பட்ட பயணங்கள், விளையாட்டு என்று நான்கு கருப்பொருள் சட்டகங்கள். பள்ளியில் படித்ததற்கு ஏற்ற தலைப்பும், கூடவே எண்ணத்தைத் தூண்டும் படம், எழுத்து என்று சில தூண்டுகோல்களும் வினாத்தாளில் இருக்கும். தந்த தலைப்பைப் பயன்படுத்தி, தூண்டுகோல்களில் ஒன்றிலிருந்தாவது எண்ணத்தை எடுத்து வளர்க்க வேண்டும்.

நம் பிள்ளைகள் பலர் அம்மம்மா யாழ்ப்பாணத்தை விட்டு வந்த கதையைத் தயாராக வைத்திருப்பார்கள். அருமையான கதை, எழுதட்டும். ஆனால் பரீட்சையில் தந்த தலைப்பை மேலே எழுதிவிட்டு, கீழே ஒரு சொல் மாறாமல் அதே கதையை இறக்கினால் அது திட்டமிடல் இல்லை. தலைப்பு "இரண்டாவது கதவு" என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டியது: இந்தத் தலைப்பால் கதை எங்கே தொடங்கும், யார் சொல்வார்? அம்மம்மா ஊரைவிட்டுக் கிளம்பும் இரவுக்குப் பதிலாக, மெல்பேர்ணில் அவர் எப்போதும் பூட்டியே வைத்திருக்கும் பின்கதவிலிருந்து பேத்தி தொடங்கலாம். ஆட்கள் அதே ஆட்கள், ஆனால் இப்போது தலைப்பு கதைக்குள் இருக்கிறது. தூண்டுகோலாகப் படம் வந்தால் அதை வர்ணிக்கத் தேவையில்லை. அது எழுப்பும் எண்ணம் கதையில் இருந்தால் போதும்.

மூன்றாவது பகுதியில் உத்திகளை அடுக்குவது

முன்பின் பார்த்திராத ஒரு வாதத்தைப் பகுப்பாய்வு செய்யும் பகுதி இது. பதில் எதிர்பார்க்காத கேள்வி, புள்ளிவிபரம், உணர்ச்சிச் சொல் என்று பந்தி பிரிப்பதும் மேலே சொன்ன பெயர்ப் பட்டியலேதான். எழுதியவர் வாசகரை முதலில் எங்கே நிறுத்தினார், பிறகு எங்கே நகர்த்தினார் என்று பிரியுங்கள்.

வண்ணப் பேனா

வேண்டாம்.

போட்ட திட்டத்தை மாற்றப் பயப்படுவது

இரண்டாவது பந்தி எழுதும்போது இன்னும் நல்ல எண்ணம் ஒன்று வரும். மாற்றலாமா என்று கேட்கிறார்கள். மூன்றாவது பந்தியை மட்டும் தொடுவதாக இருந்தால் தாராளமாக மாற்றுங்கள். முதலில் எழுதிய ஒரு வாக்கியப் பதிலையே புரட்டிப்போடும் எண்ணம் என்றால், கடிகாரத்தைப் பாருங்கள். அந்தப் பகுதிக்கான நேரத்தில் பாதி போய்விட்டதென்றால் அதை விட்டுவிட்டு, அந்த எண்ணத்தின் ஒரு துண்டை முடிவுரைக்கு முந்திய பந்தியில் எதிர்வாதமாக வையுங்கள். பாதி போகவில்லை என்றால் அறிமுகத்தின் கடைசி வாக்கியத்தை ஒரே கோட்டால் வெட்டிவிட்டுப் புதிய பதிலை அதன் மேல் எழுதலாம். வெட்டினால் புள்ளி குறையும் என்று பயப்படாதீர்கள், அப்படி ஒரு விதியும் இல்லை.